எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்வதும் வளர்ச்சி மனப்பான்மையும் ஒன்றுக்கொன்று முரணானவையா?

கேள்வி இது: பல ஆண்டுகள் ஒரு துறையில் வேலை பார்த்துவிட்டு, நடுவயதில் வேறொரு துறைக்கு மாறிப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர், இரண்டு ஆண்டுகள் ஆகியும் தாம் நினைத்த இடத்துக்கு வந்து சேரவில்லை. நலம் விரும்பிகளில் சிலர் "எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வேறு சிலர் "முயன்றால் முடியாதது இல்லை, வளர்ச்சி மனப்பான்மையோடு இருங்கள்" என்கிறார்கள். முதல் அறிவுரை எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்வதுபோலவும், இரண்டாவது அறிவுரை தம்மையே குற்றவாளியாக்குவதுபோலவும் படுவதாகச் சொல்லி, இவற்றில் எதைப் பின்பற்றுவது என்று அவர் கேட்கிறார்.

இரண்டையும் ஒருசேரப் பின்பற்ற முடியும். ஆனால் அதற்கு இரண்டையும் சற்றுக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எதிர்பார்ப்பு என்பது இன்ன காரியம் இன்ன காலத்துக்குள் இன்ன விதமாக நடக்கும் என்று நாம் முன்கூட்டியே செய்துவைக்கும் கணிப்பு. வளர்ச்சி மனப்பான்மை என்பது ஒருவருடைய திறன் பயிற்சியாலும் நல்ல வழிமுறையாலும் பிறருடைய உதவியாலும் கூடக்கூடியது என்ற நம்பிக்கை. என் திறன் வளரும் என்று உறுதியாக நம்பிக்கொண்டே, அது ஆறு மாதத்தில் இந்த அளவை எட்டிவிடும் என்று நான் போட்ட கணக்கு தவறு என்று ஒருவர் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம். இன்னும் சொல்லப்போனால், கணிப்பைத் திருத்திக்கொள்ளத் தெரியாதவரிடம் அந்த நம்பிக்கை நெடுநாள் தங்காது என்பதே என் கருத்து. கணிப்பு பொய்க்கும் ஒவ்வொரு முறையும் பிழை கணிப்பில் இருக்கிறது என்று கொள்ளாமல் தம்மிடம் இருக்கிறது என்று கொண்டுவிடுபவருக்கு, இப்படி நான்கைந்து முறை நடந்தால், ‘எனக்கு இது வராது’ என்ற முடிவு தானாகவே மனத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எதிர்பார்ப்புக்கும் தன்மதிப்புக்கும் உள்ள உறவை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் ஒரு பின்னமாகவே எழுதிக் காட்டினார். மேலே ஒருவர் அடைந்த வெற்றி. கீழே அவர் தமக்கென வரித்துக்கொண்ட இலக்கு. மேலுள்ளதைக் கூட்டினாலும் தன்மதிப்பு உயரும், கீழுள்ளதைக் குறைத்தாலும் உயரும். உலகின் இரண்டாவது சிறந்த குத்துச்சண்டை வீரராக இருப்பவர், முதலிடம் இல்லையே என்ற வெட்கத்தில் குன்றிப்போவதையும், யாரும் எளிதில் வீழ்த்திவிடக்கூடிய ஒருவர், அந்த முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டார் என்பதால் எந்த மனக்குறையும் இன்றி நடமாடுவதையும் அவர் அருகருகே வைத்துக் காட்டினார். தம்மைப் பற்றியும் அவர் அதே கணக்கைப் போட்டார்: உளவியலில் தம்மைவிட அதிகம் அறிந்தவர்களைக் கண்டால் தமக்கு மனம் சுருங்கிப்போகும் என்றும், கிரேக்க மொழியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் கிடப்பதில் தமக்குத் துளியும் கூச்சம் இல்லை என்றும் எழுதினார்.

இந்தப் பின்னத்தை மேற்கோள் காட்டுபவர்களில் பெரும்பாலோர் ‘கீழுள்ள எண்ணைக் குறைத்தால் நிம்மதி’ என்ற ஒரு பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜேம்ஸ் கிரேக்க மொழியை விட்டார், உளவியலை விடவில்லை. எதைத் தளர்த்துவது, எதைப் பிடித்துக்கொள்வது என்று தேர்ந்தெடுப்பதில்தான் அவருடைய கணக்கின் பயன் இருக்கிறது. இதே தேர்வை ஒரே துறைக்கு உள்ளேயும் செய்யலாம். ஒரு திறனைக் கற்க முற்படுபவர் மனத்தில் பொதுவாக மூன்று எதிர்பார்ப்புகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன: எவ்வளவு தூரம் போவேன், எவ்வளவு விரைவில் போவேன், போகும்போது எவ்வளவு இலகுவாக இருக்கும். "எதிர்பார்ப்பைக் குறை" என்ற அறிவுரை வந்தவுடன் நாம் முதலில் கைவைப்பது தூரத்தின் மீதுதான். அங்கேதான் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் பெரும்பாலும் பொய்த்துப்போயிருப்பது வேகத்தையும் இலகுவையும் பற்றிய கணிப்புகளே. அவ்விரண்டையும் திருத்துவதால் இலக்கில் ஓர் அங்குலம்கூடக் குறைவதில்லை.

வேகத்தைப் பற்றி முதலில் பார்ப்போம். ஒரு வேலைக்கு ஆகும் காலத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயரிட்டு விளக்கினார்கள். 1994-இல் ரோஜர் ப்யூலரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவான எண்களில் காட்டியது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இளநிலை இறுதியாண்டு மாணவர்களிடம், அதை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டபோது சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாக நடந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சராசரி விடை 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மிக மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன கணிப்புகூட நடப்பை எட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தமக்கு நன்கு பழக்கமான, சில வாரங்களில் முடியக்கூடிய ஒரு வேலையிலேயே இவ்வளவு பிசகு என்றால், முன்பின் அறியாத ஒரு துறையை ஆண்டுக்கணக்கில் கற்பது பற்றிப் போட்ட கணக்கு எவ்வளவு பிசகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இப்படிப் பிசகுவதற்குக் காரணம், காலத்தைக் கணிக்கும்போது நாம் வேலையின் உட்புறத்தை மட்டும் பார்ப்பது. முதலில் இதைப் படிப்பேன், பிறகு அதைச் செய்வேன் என்று தடங்கலற்ற ஒரு பாதையை மனத்தில் வரைந்துகொள்கிறோம். உடல்நலக் குறைவும் குடும்பக் கடமைகளும் புரியாமல் முட்டிநிற்கும் பகுதிகளும் அந்த வரைபடத்தில் இடம்பெறுவதே இல்லை. இதற்கு மாற்று, வெளியிலிருந்து பார்ப்பது: என்னைப் போன்ற சூழ்நிலையில், வாரத்துக்கு என்னளவே நேரம் ஒதுக்கி இதைக் கற்றவர்களுக்கு உண்மையில் எவ்வளவு காலம் ஆயிற்று? இந்தக் கேள்வியை ஏற்கெனவே அந்தப் பாதையைக் கடந்தவர்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களிலிருந்து விடை எடுக்கக் கூடாது. அவை மிக வேகமாக முடித்தவர்களைத்தான் முன்னிறுத்தும். அடுத்ததாக, நீங்கள் முன்பு கற்ற ஒரு திறனுக்கு ஆன காலத்தை நேர்மையாக நினைவுகூர்ந்து பாருங்கள். பழைய துறையில் எத்தனையாவது ஆண்டில் பிறர் உதவி இன்றி ஒரு பொறுப்பை முழுமையாகச் செய்து முடித்தீர்கள்? பெரும்பாலோர் இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, புதிய துறையில் தாம் பின்தங்கிவிடவில்லை, ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதைக் கண்டுகொள்கிறார்கள்.

நடுவயதில் துறை மாறுபவருக்கு இங்கே கூடுதலான ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. இருபது வயதில் கற்கத் தொடங்குபவருக்குத் தெரியாமல் இருப்பது பழக்கமான நிலை. அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கும் தெரியாது, அவரிடம் யாரும் அதிகம் எதிர்பார்ப்பதும் இல்லை. உங்களுக்கோ ஒரு துறையில் கைதேர்ந்தவராக இருந்து பழகிய மனம் இருக்கிறது. கேட்டவுடன் விடை சொல்லவும், ஒரு பார்வையில் பிழையைக் கண்டுபிடிக்கவும், இளையவர்களுக்கு வழிகாட்டவும் பழகிய மனம் அது. அந்த மனத்தோடு புதிய இடத்தில் போய் உட்கார்ந்து, எளிய கேள்விக்கும் விழிக்க நேரும்போது, அதைக் கற்பவருக்கு இயல்பான நிலை என்று ஏற்க முடியாமல், ஏதோ பெரிய குறை வந்துவிட்டதுபோல் உணர்கிறோம். பழைய துறையில் சம்பாதித்த தேர்ச்சியின் அளவுகோலை அப்படியே தூக்கிவந்து புதிய துறையின் முதல் ஆண்டுகளை அளப்பதே இந்தத் துன்பத்தின் வேர். உங்கள் கேள்வியைப் படித்தபோது, ‘நினைத்த இடம்’ என்று நீங்கள் குறிப்பிடுவது இந்த அளவுகோலால் அளக்கப்பட்ட இடமாக இருக்குமோ என்றே எனக்குத் தோன்றியது.

இனி இலகுவைப் பற்றிய எதிர்பார்ப்பு. மூன்றிலும் இதுவே அதிகம் கெடுதல் செய்வது என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் இது எதிர்பார்ப்பு என்றே நமக்குத் தெரிவதில்லை. கற்றல் சரியாக நடந்தால் அது சீராகவும் இதமாகவும் இருக்கும், தடுமாற்றம் வந்தால் ஏதோ தவறு நடக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த நம்பிக்கையை அடியோடு அசைத்தது. மாணவர்களில் ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு குழுவினர் ஒரு முறை படித்துவிட்டு, பின்னர் மூன்று முறை புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்கள் 83 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: திரும்பப் படித்தவர்களிடம் எஞ்சியது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோதோ, திரும்பப் படித்தவர்களே அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள்.

இலகுவாக உணர்ந்தவர்கள் குறைவாகக் கற்றார்கள். திணறியவர்கள் அதிகம் கற்றார்கள். இரு தரப்பாருக்கும் தம் நிலை சரியாகத் தெரியவில்லை. கற்றலைக் கடினமாக்குவதுபோல் தோன்றி, நீண்ட கால நோக்கில் அதை ஆழப்படுத்தும் இத்தகைய முறைகளுக்கு ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் ‘விரும்பத்தக்க இடர்ப்பாடுகள்’ என்று பெயர் வைத்தார். ஆகவே, அன்றாடம் மேசையின் முன் உட்காரும்போது ‘இன்று தடுமாறப் போகிறேன், அது நடக்க வேண்டியதுதான்’ என்று எதிர்பார்ப்பவருக்கு அந்தத் தடுமாற்றம் ஒரு செய்தி ஆகாது. இலகுவை எதிர்பார்த்து உட்காருபவருக்கு அதே தடுமாற்றம் தம் தகுதியின்மைக்குச் சான்றாகிவிடும். நிகழ்வு ஒன்றே, முன்கணிப்பு மாறியதால் அதன் பொருளும் மாறிவிடுகிறது. எதிர்பார்ப்பைத் திருத்துவது வளர்ச்சி மனப்பான்மைக்கு எதிரி ஆகாது என்று நான் சொல்வதன் அடிப்படை இதுதான்.

வளர்ச்சி மனப்பான்மை என்ற கருத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது பரவிய அளவுக்குப் புரிந்துகொள்ளப்படவில்லை. அறிவுத்திறன் பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்ட மாறாத பொருள் என்ற எண்ணத்தை, அறிவுத்திறன் சோதனையை 1905-இல் உருவாக்கிய ஆல்ஃபிரெட் பினேயே மறுத்தார். அப்படிச் சொல்வது கொடிய அவநம்பிக்கை என்றும், அதை எதிர்த்தாக வேண்டும் என்றும் 1909-இல் எழுதினார். சோதனையைச் செய்தவர் அதைக் கற்பித்தலுக்கு உதவும் கருவியாகக் கருத, பிற்காலத்தவர் அதை மனிதர்களைத் தரம்பிரிக்கும் முத்திரையாக்கினார்கள் என்பது வருந்தத்தக்க வரலாறு. பிற்காலத்தில், வளர்ச்சி மனப்பான்மை என்ற கருத்தை முன்வைத்த உளவியலாளர் கரோல் டுவெக் இந்தக் கேள்வியை வேறொரு கோணத்திலிருந்து அணுகினார்: திறன் உண்மையில் மாறுமா என்பதைவிட, அது மாறும் என்றோ மாறாது என்றோ ஒருவர் நம்புவது அவருடைய நடத்தையை எப்படி மாற்றுகிறது என்று அவர் ஆராய்ந்தார்.

1998-இல் கிளாடியா முல்லருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில புதிர்கள் கொடுக்கப்பட்டன. முடித்தபின், சிலரிடம் "நீ புத்திசாலி" என்ற பொருளிலும், வேறு சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்ற பொருளிலும் பாராட்டு சொல்லப்பட்டது. அதன் பிறகு மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்து எல்லாரையும் தோற்க வைத்தார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அதற்குப் பின் ஆர்வம் குன்றினார்கள். முதலில் தாம் எளிதாகச் செய்த தரத்துப் புதிர்களிலேயே முன்பைவிடக் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். தம் மதிப்பெண்ணை முன்பின் அறியாத வேறொரு குழந்தைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அதைக் கூட்டிச் சொன்னார்கள். என்னை இன்றும் வருத்துவது அந்தக் கடைசிச் செய்திதான். தாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவரிடம்கூட உண்மையைச் சொல்ல அஞ்சும் நிலைக்கு ஒரே ஒரு பாராட்டுச் சொல் அந்தக் குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டது. புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவர்கள் தலையில் ஏற்றப்பட்டதன் விளைவு அது.

அதே சமயம், இந்தக் கருத்தின் மீதும் அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு வைக்கக் கூடாது. 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் செய்யப்பட்ட ஒரு பகுப்பாய்வு, வளர்ச்சி மனப்பான்மையைக் கற்பிக்கும் பயிற்சிகளால் கல்வித் தேர்ச்சியில் ஏற்படும் சராசரி மாற்றம் மிகச் சிறியது என்று காட்டியது. 2019-இல் டேவிட் யீகர் தலைமையில், அமெரிக்காவின் 65 பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறக்குறைய 12,000 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சியால், பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண் நான்கு புள்ளி அளவையில் 0.10 புள்ளி உயர்ந்தது. சிறிய உயர்வுதான், ஆனாலும் அவ்வளவு குறுகிய பயிற்சிக்கு அது அற்பம் அல்ல. அந்த ஆய்வின் மற்றொரு முடிவையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்: கடினமான பணிகளை எடுத்துக்கொள்வதைச் சக மாணவர்கள் ஆதரித்த பள்ளிகளில்தான் பலன் நிலைத்தது. தனி மனிதரின் மனத்தை மட்டும் மாற்றிவிட்டு, அவரைச் சுற்றியுள்ள சூழலை அப்படியே விட்டுவிட்டால், அந்த மாற்றம் வேர்பிடிப்பதில்லை. உங்களிடம் "வளர்ச்சி மனப்பான்மையோடு இருங்கள்" என்று சொன்னவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டதால்தான் அந்த அறிவுரை உங்களைக் குற்றம் சாட்டுவதுபோல் ஒலித்தது. நீங்கள் அப்படி உணர்ந்ததில் தவறே இல்லை.

லண்டன் வாடகைக் கார் ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்நகரில் உரிமம் பெற விரும்புபவர்கள் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு வழக்கமாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். எலினார் மக்வயரும் கேத்ரின் வூலெட்டும் 79 பயிற்சியாளர்களைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேறியவர்களின் மூளையில், இடநினைவோடு தொடர்புடைய பகுதி பயிற்சிக்குப் பின் பெரிதாகியிருந்தது. தேறாதவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. வயது வந்தோரின் மூளையும் மாறும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள்; அது சரியே. ஆனால் அந்த 79 பேரில் தேறியவர்கள் 39 பேர் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இரு சாராருக்கும் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; தேறியவர்கள் வாரந்தோறும் பயிற்சிக்குச் செலவிட்ட நேரம் கணிசமாக அதிகம். அந்த நேரம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. குடும்பப் பொறுப்பும் வருமானத் தேவையும் உடல்நிலையும் அதைத் தீர்மானிக்கின்றன. வளர்ச்சி சாத்தியம் என்பதும், அது எல்லாருக்கும் உறுதி அல்ல என்பதும் ஒரே ஆய்வில் அருகருகே நிற்கின்றன. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இனி, நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நான் முதலில் பரிந்துரைப்பது, கணிப்பை எழுதிவைப்பது. மனத்தில் மட்டும் இருக்கும் எதிர்பார்ப்பு நமக்கே தெரியாமல் வளர்ந்துகொண்டே போகும். தாளில் எழுதப்பட்டது அப்படி நழுவாது. ‘இந்த மாதம் வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்குவேன், மாத முடிவில் இன்ன வேலையைப் பிறர் உதவி இன்றிச் செய்து முடிப்பேன்’ என்று தேதியோடு எழுதுங்கள். முதல் பாதி உங்கள் கையில் இருப்பது. இரண்டாம் பாதி கணிப்பு. மாத முடிவில் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஆறு மணி நேரம் ஒதுக்க முடியவில்லை என்றால், கேள்வி உங்கள் திறனைப் பற்றியதே அல்ல; வாழ்க்கையின் மற்றக் கடமைகளுக்கு நடுவே அவ்வளவு நேரம் உண்மையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நேரம் ஒதுக்கியும் அந்த வேலையை முடிக்க இயலவில்லை என்றால், கணிப்பு அதிகப்படியானதா அல்லது கற்கும் முறை தவறானதா என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் பலர் செய்வது, அதே முறையை இன்னும் அதிக நேரம் தொடர்வது. உழைப்பு மட்டுமே போதும் என்று வளர்ச்சி மனப்பான்மையைச் சுருக்கிவிட்டதன் விளைவு இது. டுவெக்கே இந்தத் திரிபைக் கண்டித்து 2015-இல் எழுதினார். பலன் தராத உழைப்பைப் பாராட்டிக்கொண்டிருப்பது ஒருவரை ஆறுதல்படுத்தலாம், வளர்க்காது. படித்துப் படித்துப் புரியவில்லை என்றால், செய்து பார்க்க வேண்டும். தனியாகச் செய்து முன்னேற்றம் இல்லை என்றால், அதை நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டி, எந்த இடத்தில் தவறுகிறேன் என்று கேட்க வேண்டும். அனுபவம் மிக்கவருக்கு இது மிகவும் கடினம் என்று எனக்குத் தெரியும். தம்மைவிடப் பல வயது இளையவரிடம் போய்ப் பிழை திருத்தக் கேட்பதற்கு மனம் இடம்கொடுக்காது. ஆனால் புதிய துறையில் தேறிய நடுவயதினரையும், பாதியில் நின்றவர்களையும் நான் கண்டவரை, அவர்களைப் பிரிக்கும் மிகப் பெரிய வேறுபாடு இந்த ஒன்றாகவே இருந்திருக்கிறது.

பழக்கத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 21 நாளில் எந்தப் பழக்கமும் ஊறிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பிலிப்பா லாலியும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடச் செயல் ஒன்று தானாக நிகழும் அளவுக்குப் பழகுவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்றும், நடுமதிப்பு 66 நாள் என்றும் கணக்கிடப்பட்டது. ஒரு நாள் தவறவிடுவதால் பெரிய கேடு ஒன்றும் இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. 22-ஆம் நாள் சோர்ந்துபோய் ‘எனக்குக் கட்டுப்பாடே இல்லை’ என்று தம்மைத் திட்டிக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தம்மைத் திட்டிக்கொள்வதைப் பற்றியும் பேசியாக வேண்டும். தன்னிடம் கடுமையாக இருந்தால்தான் முன்னேற முடியும், இரக்கம் காட்டினால் சோம்பல் வந்துவிடும் என்ற எண்ணம் மிக ஆழமாக வேரூன்றியது. ஜூலியானா பிரைன்ஸும் செரினா சென்னும் 2012-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றில், கடினமான தேர்வில் தோற்ற மாணவர்களில் தம்மிடம் பரிவோடு நடந்துகொள்ளுமாறு நினைவூட்டப்பட்டவர்கள், மறுதேர்வுக்காக மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். இதற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தோல்வியைப் பார்த்தால் அடி விழும் என்று அறிந்த மனம் தோல்வியைப் பார்க்கவே மறுக்கும். பிழை எங்கே என்று ஆராய்வதற்கு அந்தப் பிழையின் அருகில் சிறிது நேரம் உட்கார வேண்டும், அதற்குப் பயம் தணிந்திருக்க வேண்டும். நண்பர் ஒருவர் இதே நிலையில் வந்தால் அவரிடம் என்ன சொல்வீர்களோ அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். அதில் உண்மையும் இருக்கும், கனிவும் இருக்கும்.

விட்டுவிட வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. வளர்ச்சி மனப்பான்மையைப் பேசுபவர்கள் இதைத் தொடுவதே இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. கார்ஸ்டன் ரோஷும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, எட்ட முடியாத இலக்கிலிருந்து விலகிக்கொள்ளவும், அதற்குப் பதிலாக வேறு பொருளுள்ள இலக்கில் ஈடுபடவும் வல்லவர்கள் மனநலத்தில் மேம்பட்டு இருக்கிறார்கள். விலகுவது மட்டும் போதாது. அடுத்ததைப் பற்றிக்கொள்வதும் வேண்டும். உங்கள் நிலையில், விடுவதா தொடர்வதா என்று முடிவெடுக்க நான் மூன்றைப் பார்ப்பேன். கற்கும் முறையை உண்மையாகவே மாற்றிப் பார்த்தீர்களா. தகுதியுள்ள ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொன்னாரா. முன்னேற்றமே இல்லையா, அல்லது எதிர்பார்த்ததைவிட மெதுவான முன்னேற்றமா? கடைசிக் கேள்விக்கு விடை காண, ஓராண்டுக்கு முன் நீங்கள் செய்த வேலை ஒன்றை எடுத்து இன்றைய வேலையோடு ஒப்பிடுங்கள். வேறு யாருடைய வேலையோடும் ஒப்பிட வேண்டாம், அவர் எப்போது தொடங்கினார், அவருக்கு என்ன துணை இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. மெதுவாகவேனும் நகர்ந்திருந்தால், திருத்த வேண்டியது காலக் கணிப்பு மட்டுமே. நகரவே இல்லை என்றால், அந்தத் துறைக்குள்ளேயே உங்கள் பழைய அனுபவம் பயன்படும் வேறொரு பணியைத் தேடுவது, முழுமையாக விலகுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டிய வழி.

எதிர்பார்ப்பைத் திருத்துவது என்றால் எப்போதும் கீழே இறக்குவது என்று கொள்ள வேண்டியதில்லை. தோல்விக்கு அஞ்சித் தமக்கு மிக எளிதானதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் வெல்வதையே திறனின் எல்லையாகக் கருதிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தம் கணிப்பை மேலே ஏற்ற வேண்டும். மேலே சொன்ன மாதக் கணக்கில், எழுதியது எல்லாம் தவறாமல் நிறைவேறிக்கொண்டே வந்தால், நீங்கள் உங்களைக் குறைவாக மதிப்பிடுகிறீர்கள் என்பதற்கு அது அடையாளம்.

ஒன்றை மட்டும் இதிலிருந்து பிரித்துச் சொல்கிறேன். சோர்வு இந்தக் கற்றலோடு நிற்காமல், முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால், அது மனப்பான்மையை மாற்றிச் சரிசெய்யக்கூடிய விஷயம் அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எஞ்சியிருப்பது மற்றவர்களின் எதிர்பார்ப்பு. நீங்கள் துறை மாறியபோது வீட்டாரிடம் ஒரு காலக்கெடுவைச் சொல்லியிருப்பீர்கள், அது கடந்துவிட்டது, இப்போது யாரும் கேட்காவிட்டாலும், கேட்கிறார்களோ என்ற கூச்சம் இருந்துகொண்டே இருக்கும். கணிப்பை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதவரை, அவர்கள் பழைய கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களைப் பார்ப்பார்கள். ஆகவே புதிய கணக்கை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்: முதலில் நினைத்ததைவிட அதிக காலம் ஆகும், இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், ஆறு மாதம் கழித்து இன்ன தேதியில் மீண்டும் உட்கார்ந்து பார்ப்போம், அதுவரை வீட்டுச் செலவை இப்படிச் சமாளிக்கலாம் என்று. அந்த உரையாடலில் ‘கட்டாயம் முடித்துக்காட்டுவேன்’ என்ற வாக்குறுதி வேண்டாம். அதைச் சொன்ன கணமே கணிப்பு மறுபடியும் கடனாகிவிடும். உங்கள் நேரத்தில் எவ்வளவை இதற்கு விட்டுத்தர அவர்களால் முடியும் என்பதை மட்டும் அன்று தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஆறு மாதக் கணக்கை அந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.